சம்பந்தியின் இடது கால் தொடர்பாக

தருமபுரம், காரைக்கால்
6 ஜனவரி 2025

பெறுநர்: திரு. சோமசேகரன், விவசாயி, நெடுங்காடு.
பொருள்: தங்கள் இடது கால் தொடர்பாக.
பார்வை: என் மகள் சிவப்ரியா நேற்று மாலை போனில் அழுதது.

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டரை வருடத்துக்கு முன், நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று, மண்டப வாசலில் தங்கள் புதுச் செருப்பு காணாமல் போனது. அது கைக்கு வரும்வரை வேறு செருப்புப் போடமாட்டேன், கார்த்திகேசனோடு வாய் திறந்து பேசவும் மாட்டேன் என்று பந்தியில் ரசம் சாதத்துக்கு முன்னால் தாங்கள் சபதம் செய்தீர்கள். அன்றிலிருந்து வெறுங்காலோடுதான் வயலுக்குப் போகிறீர்கள். நான் போன் செய்தால் எடுத்து மாட்டுக்கு முன்னால் வைத்துவிடுகிறீர்கள். போன தீபாவளிக்கு நான் நலம் விசாரித்தது தங்கள் பசுவை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எழுத்து மூலம் தொடர்பு கொள்ளமாட்டேன் என்று தாங்கள் சொல்லவில்லை. ஆகவே இக்கடிதம் சபதத்தை மீறியதாகாது. கொம்யூன் பஞ்சாயத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் இடது பாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகவும், அதில் சிறு சிறு துளைகள் விழுந்திருப்பதாகவும் சிவப்ரியா சொல்கிறாள். நேற்று கூடத்தைக் கூட்டும்போது தரையில் கறுப்பாகக் கடுகு கிடந்ததாம். டப்பா சாய்ந்துவிட்டதென்று அள்ளியிருக்கிறாள். பிறகு பார்த்தால் அது கடுகு இல்லை, தங்கள் கால் கட்டுத் துணியிலிருந்து உதிர்ந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணி, சம்பந்தி. சமையல்கட்டில் கடுகு தாளிக்கும்போதெல்லாம் வாந்தி எடுக்கிறாள்.

அருள்கூர்ந்து ஒரு டாக்டரிடம் காட்டவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார்த்திகேசன்


நெடுங்காடு
11 ஜனவரி 2025

சம்பந்திக்கு,

பொருள், பார்வை என்று பார்த்ததும் நிலத்துக்கு ஏதோ நோட்டீஸ் வந்துவிட்டது என்று பயந்து, படிக்காமலே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் பிரித்தேன்.

பேசமாட்டேன் என்றேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை, அது சரிதான். அதனால் எழுதுகிறேன். நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தச் செருப்பு கும்பகோணத்தில் அளவு கொடுத்துத் தைத்தது. மாப்பிள்ளையின் அப்பா என்று ஒரு நாள் மிடுக்காக நடக்கலாமென்று ஆசைப்பட்டுத் தைத்தேன். மண்டபத்துக்குள் நுழைந்து தாலி முடிந்து வெளியே வந்தால் காணோம். நீங்கள் என்ன செய்திருக்கவேண்டும்? பதறியிருக்கவேண்டும். "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும், விடுங்க சம்பந்தி" என்றீர்கள். விட்டுவிட அது என்ன தும்மலா? அதோடு நின்றீர்களா? பாத்ரூம் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டீர்கள். அதில் ஒன்று பச்சை, ஒன்று நீலம். என் பங்காளிகள் அத்தனை பேரும் பார்த்தார்கள். இன்றைக்கும் கோட்டுச்சேரி சந்தைப் பக்கம் போனால் "பச்சையா நீலமா" என்று கேட்கிறார்கள்.

கால் விஷயம். அந்த வருஷம் சம்பா நடவின்போது வாய்க்கால் வரப்பில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. எருக்கம்பால் வைத்தேன். பாதி முள் வெளியே வந்தது, பாதி உள்ளேயே கரைந்துவிட்டது. அப்புறம் ஆறு மாதம் கழித்து ஒரு சின்னக் கட்டி. அது பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன். வலியே கிடையாது. வலிக்காத கட்டிக்கு டாக்டரிடம் போகிறவன் பசிக்காமல் பந்தியில் உட்காருகிறவன்.

செருப்பு வரட்டும், மற்றதைப் பார்க்கலாம்.

சோமசேகரன்

மருமகளுக்காகக் கடுகு தாளிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை. இதுவும் உங்களால்தான்.


தருமபுரம்
20 ஜனவரி 2025

பொருள்: மேற்படி இடது கால்.
பார்வை: தங்கள் 11ஆம் தேதிக் கடிதம், குறிப்பாகப் பச்சையும் நீலமும்.

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் ஜஸீலாவிடம் போனேன். சின்னப் பெண், தோல் வியாதிக்குப் படித்தவர். "காலில் கட்டி, துளை, கறுப்புக் கடுகு" என்று நான் சொன்னதும் "ஷூவைக் கழட்டுங்க" என்றார். கால் என்னுடையதில்லை, சம்பந்தியுடையது என்றேன். "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க, கழட்டுங்க அங்கிள்" என்றார். கழற்றினேன். காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. இந்த அவமானத்தைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.

பிறகு தங்களைப் பற்றி விசாரித்தார். விவசாயியா? ஆமாம். வெறுங்காலா? ஆமாம். முள் குத்தியதா? ஆமாம். எத்தனை நாளாகக் கட்டி? இரண்டு வருடமாக. சர்க்கரை உண்டா? உண்டு, பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் மாத்திரையை நிறுத்திவிடுவார் என்று மகள் சொன்னதைச் சொன்னேன். ஏன் செருப்புப் போடுவதில்லை என்று கேட்டார். கல்யாணத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

அவர் சொன்னது: மண்ணிலேயே ஒரு பூஞ்சைக் காளான் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் மட்டும் அது யாரையும் ஒன்றும் செய்யாது. முள் குத்துகிறபோது முள்ளோடு தோலுக்கு உள்ளே போய்விடுகிறது. அங்கே மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் வளர்கிறது. அந்தக் கறுப்புக் கடுகு அதன் குடும்பம்தான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, அதனால் வீட்டில் யாரும் பயப்படவேண்டாம். சர்க்கரை இதைக் கொண்டுவராது, ஆனால் வந்த புண்ணை ஆறவும் விடாது. எருக்கம்பாலைப் பற்றிச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

வலி இல்லை என்று தாங்கள் பெருமைப்படுகிறீர்களே, அதுதான் இந்த வியாதியின் தந்திரமாம். வலித்திருந்தால் முதல் மாதமே ஓடியிருப்பீர்கள். வலிக்காமல் சதையைத் தின்று, பிறகு எலும்புக்குப் போகும். எலும்பு முழுக்கப் போய்விட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்றார். மதுரைக் கால் என்று இதற்குப் பெயராம்.

செருப்பு நான் வாங்கித் தந்துவிட்டால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். கல்யாணத்துக்கு மறுநாளே வாங்கப் போனேன். என் மனைவி கடை வாசலில் மறித்துவிட்டாள். செருப்பும் குடையும் ஒருவருக்குக் கொடுப்பது கருமாதித் தானத்தில்தான், உயிரோடு இருக்கிற சம்பந்திக்குக் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்றாள். அன்றிலிருந்து நானும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கார்த்திகேசன்


நெடுங்காடு
27 ஜனவரி 2025

சம்பந்திக்கு,

மதுரைக்கு நான் போனது ஒரே தடவை. அதுவும் ராமேஸ்வரம் போகிற வழியில். பஸ்ஸை விட்டுக் கீழே காலே வைக்கவில்லை. அப்புறம் எப்படி எனக்கு மதுரைக் கால் வரும்? அந்த டாக்டர் பெண்ணிடம் இதைக் கேளுங்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வயல் கருப்பையனுக்கும் இதே மாதிரி ஒரு கட்டி இருக்கிறது. பாவம், படிக்காதவன், எழுதத் தெரியாது. அவனுக்காகச் சில சந்தேகம் கேட்கிறேன்.

கருப்பையனுக்கு முன்னெல்லாம் ஒரு துளைதான் இருந்தது, இப்போது நாலைந்து. அது எதனால்? அவன் வரப்பில் நடக்கும்போது இடது கால் மட்டும் கனமாக இருக்கிறதாம். அது வயசுக்கோளாறா? எலும்புக்குப் போய்விட்டதா இல்லையா என்று வீட்டிலேயே தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? காலை எடுப்பது என்றால் எதுவரைக்கும்? கருப்பையனுக்கு ஏப்ரல், மே வாக்கில் பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குப் போகவேண்டும், மாடியிலிருந்து வீசுகிற மாம்பழம் ஒன்றாவது அந்தக் குழந்தைக்குப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று அவனுக்கு ரொம்ப ஆசை. ஒற்றைக் காலோடு அந்தக் கூட்டத்தில் எப்படி நிற்பான்?

சீக்கிரம் எழுதுங்கள். கருப்பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சோமசேகரன்


தருமபுரம்
1 பிப்ரவரி 2025

பொருள்: திரு. கருப்பையன் அவர்களின் இடது கால்.
பார்வை: அவருக்காகத் தாங்கள் எழுதியது.

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

திரு. கருப்பையனை நேற்று தற்செயலாகக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தேன். விறுவிறுவென்று ஓடி ஏறி ஜன்னலோர இடம் பிடித்தார். அவர் கால் குணமானது குறித்து மகிழ்ச்சி. இருப்பினும் கோப்பை மூடாமல் பதில் தருகிறேன்.

துளைகள் கூடுவது உள்ளே அது பரவுவதற்கு அடையாளம். கனமாக இருப்பது வயசுக்கோளாறு அல்ல. எலும்பைத் தட்டிப் பார்ப்பதெல்லாம் தேங்காய்க்குத்தான் சரி. படம் எடுக்கவேண்டும், கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கவேண்டும். ஒரு வருடம் போல மாத்திரை, தேவைப்பட்டால் அறுவை. நேரத்தோடு வந்தால் கால் தங்கும் என்கிறார் டாக்டர். வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைப் பக்கம் முதலில் கண்டு எழுதியதால் அந்தப் பெயராம். பஸ்ஸை விட்டு இறங்காதவர்களுக்கும் வரும்.

கருப்பையன் செவ்வாய்க்கிழமை வரட்டும். நான் வாசலிலேயே நிற்கிறேன். பேசவேண்டாம், தலையாட்டினால் போதும். ஆனால் செருப்புப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

கார்த்திகேசன்


நெடுங்காடு
16 பிப்ரவரி 2025

சம்பந்திக்கு,

செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. சபதம் என்று ஒன்று இருக்கிறதே என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

வளைகாப்புக்குப் பெரிய பாத்திரம் வேண்டுமென்று, நீங்கள் சீர் கொடுத்த பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கப் போனேன். என் சம்சாரம் திரிபுரசுந்தரி "நீங்க ஏறாதீங்க, நான் எடுக்கிறேன்" என்றாள். முட்டி வலியென்று வாசல் படி ஏறவே முனகுகிறவள், ஏணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அந்த அண்டாவே வேண்டாம், வாடகைக்கு எடுப்போம் என்கிறாள். எனக்குச் சந்தேகம் வந்து ஏறிவிட்டேன்.

அண்டாவுக்குள்ளே பழைய துண்டு. துண்டுக்குள்ளே என் கும்பகோணத்துச் செருப்பு.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். கல்யாணத்தன்று வாசலில் புதுச் செருப்பைப் பார்த்தவள், யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பத்திரமாகச் சீர் அண்டாவுக்குள் வைத்திருக்கிறாள். வேலை மும்முரத்தில் மறந்துபோயிருக்கிறாள். ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டதாம். "அதுக்குள்ள நீங்க ஊர் பூரா சபதத்தைச் சொல்லிட்டீங்க. எடுத்துக் கொடுத்தா உங்க மானம் போயிடுமேன்னு பரண்ல ஏத்திட்டேன்" என்கிறாள். என் மானத்தை இரண்டரை வருஷம் அண்டாவில் போட்டு மூடிக் காப்பாற்றியிருக்கிறாள், புண்ணியவதி.

நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் போட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. வலது கால் அப்படியே உள்ளே போனது. இடது கால் போகவில்லை. வாரைத் தளர்த்தினேன், போகவில்லை. விளக்கெண்ணெய் தடவிக்கூடப் பார்த்தேன். பாதிக்கு மேல் நுழையவே இல்லை. அளவு கொடுத்துத் தைத்த செருப்பு சம்பந்தி அது. மாறவில்லை. கால்தான் மாறியிருக்கிறது.

ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கத்தவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

கருப்பையனுக்குக் கட்டி கிடையாது.

சோமசேகரன்


நெடுங்காடு, தங்கள் வீட்டு வாசல்
18 பிப்ரவரி 2025

சம்பந்தி,

தபால் இப்போதுதான் வந்தது. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். உள்ளே வந்தால் பேசுவீர்களோ மாட்டீர்களோ தெரியவில்லை, அதனால் ஆட்டோவில் உட்கார்ந்து இதை எழுதி சிவப்ரியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வழியில் நூகு பாய் கடையில் செருப்பு வாங்கினேன். மெத்தென்ற ரப்பர் அடி. வலது காலுக்கு எட்டு, இடது காலுக்குப் பத்து. இரண்டு ஜோடியைப் பிரிக்கச் சொன்னதும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விவரம் சொன்னேன். "மிச்ச ரெண்டும் இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், வலது கால் வீங்கின ஆள் யாராச்சும் வருவாங்க" என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

தானம் ஆகிவிடுமே என்ற சிக்கலுக்கு என் மனைவியே வழி சொல்லிவிட்டாள். ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது வியாபாரமாம். ஒரு ரூபாயோடு வெளியே வாருங்கள். டாக்டர் ஒரு மணி வரைதான் இருப்பார்.

நாய் தூக்கிப் போயிருக்கும் என்று நான் சொன்னது தப்புதான். பச்சையும் நீலமும் அதைவிடத் தப்பு. வாருங்கள், சம்பந்தி.

கார்த்திகேசன்


புதுச்சேரி, ஆஸ்பத்திரி
6 மே 2025

சம்பந்திக்கு,

அன்றைக்கு ஆட்டோவில் பேச ஆரம்பித்த பிறகும் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் காதை வைத்துக்கொண்டே படுத்திருக்கிறார். போனில் அழுதால் ஊருக்கே தெரிந்துவிடும்.

இரண்டு மாதமாக மாத்திரை போட்டுக் கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. நாளைக் காலையில் அறுவை. எலும்பில் தொட்டிருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியுமாம். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் 'தேவைப்பட்டால் கணுக்காலுக்கு மேல்' என்று ஒரு வரி இருந்தது. உங்களைப் போல எத்தனையோ காகிதம் பார்த்தவனாக இருந்தால் பயந்திருக்கமாட்டேன். நான் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா "கையெழுத்து தெரியாதா ஐயா, ரேகை வைக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டது.

மண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மண்தான் சோறு போட்டது. முள்ளையும் குறை சொல்ல முடியாது. மண்ணும் முள்ளும் நான் பிறப்பதற்கு முன்னாலேயே அங்கே இருந்தவை. நடுவில் அரை அங்குலத் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாமல் திரிந்தவன் நான்தான்.

மருமகளுக்கு நாள் நெருங்கிவிட்டது, உங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள். எனக்குச் சின்னக் கட்டி எடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சோமசேகரன்


தருமபுரம்
8 மே 2025

பொருள்: பெண் குழந்தை.
பார்வை: நேற்று பிறந்தது.

சம்பந்தி,

தங்களைத் தியேட்டருக்குள் கொண்டுபோன அதே காலையில் சிவப்ரியாவையும் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நான் காரைக்காலில் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு புதுச்சேரியில் இருக்கிற இன்னொரு கதவுக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியிடம் எந்தக் கோரிக்கை வைத்தேன் என்பதே குழம்பிவிட்டது. பெண் பிறக்கட்டும், காலை விட்டுவிடு என்று ஏதோ சொன்னேன். தலைப்பு தப்பாகப் போட்டாலும் கோப்பு சரியான மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எலும்பில் தொடவில்லை என்று மாப்பிள்ளை அங்கிருந்து போன் செய்தார். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் ஓடிவந்து "பொம்பளப் புள்ளன்னா என்ன சார், இதுக்குப் போய் அழுவாங்களா" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனாள்.

குழந்தைக்கு இரண்டு பாதமும் தங்கள் ஜாடை. அகலமாக இருக்கிறது.

கார்த்திகேசன்


நெடுங்காடு
14 செப்டம்பர் 2025

சம்பந்திக்கு,

ஆனித் திருவிழாவுக்குப் போகமுடியாமல் கட்டோடு படுத்திருந்தேன். பரவாயில்லை, அடுத்த ஆனி இருக்கிறது. பேத்திக்கும் அப்போதுதான் மாம்பழம் தின்னப் பல் இருக்கும். மாத்திரை இன்னும் ஓடுகிறது, கருப்பையன்கூடப் போன வாரம் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவிட்டான்.

நேற்று விஷயத்துக்கு வருகிறேன். பேத்தியை முதல் முதலாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டீர்கள். சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் வாசலில் உங்கள் செருப்பைக் காணோம். என் வீட்டு வாசலில்! எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் சபதம் செய்யவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஆட்டோ வரைக்கும் நடந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அப்போது தெரிந்தது அன்றைக்கு மண்டபத்தில் நான் உங்களை என்ன பாடு படுத்தினேன் என்று.

எங்கே போனதென்று கருப்பையன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு செருப்பு அவன் வைக்கோல் போரடியில் கிடக்கிறது, இன்னொன்று பாதிதான் மிச்சம். நாய்தான் தூக்கிப் போயிருக்கிறது, சம்பந்தி. சத்தியமாக நாய்தான்.

இதோடு வரும் பொட்டலத்தில் என் கும்பகோணத்துச் செருப்பு இருக்கிறது. அறுத்த பிறகு இடது கால் இளைத்துவிட்டது, இப்போது எனக்கு அது ஆடுகிறது. ஒரு தடவைகூடச் சரியாகப் போட்டு நடந்ததில்லை, புதுசு மாதிரியே இருக்கும். உங்கள் கால் என் அளவுதான் என்று டாக்டர் பெண் உங்களைக் கழற்றச் சொன்ன கதையிலேயே கணக்குப் போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லலாம். சிவப்ரியாவிடம்தான் கேட்டேன்.

போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு ஒரு அடி வைக்காதீர்கள். ஒரு ரூபாய் அனுப்ப மறக்கவேண்டாம்.

சோமசேகரன்


தருமபுரம்
19 செப்டம்பர் 2025

பொருள்: ஒரு ஜோடி செருப்பு, பெற்றுக்கொண்டது.
இணைப்பு: ஒரு ரூபாய் நாணயம், ஒன்று.

சம்பந்தி,

பொட்டலம் கிடைத்தது. அளவு கொஞ்சம் பெரிசு. முன்னால் பஞ்சு வைத்துக்கொண்டேன். நேற்று கோயிலுக்குப் போனேன். வாசலில் கழற்றிப் போட்டேன். இரண்டடி போய்த் திரும்பி வந்து, கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனேன். பூசாரி ஏதோ சொன்னார். சாமி கோபித்துக்கொள்ளும் என்றார்.

கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். இதைத் தொலைத்துவிட்டு உங்களிடம் என்னால் பதில் சொல்ல முடியாது.

தங்கள்,
கார்த்திகேசன்